திரும்பி வரும் சொற்கள்: மறைநூல்களில் எதிர்நிரல் அமைப்பு

மத்தேயு நற்செய்தியின் மலைப்பிரசங்கத்தில், 7ஆம் அதிகாரம் 6ஆம் வசனத்தில், இயேசு இரண்டு விலங்குகளைக் காட்டி எச்சரிக்கிறார். முதலில் நாய், அடுத்து பன்றி. புனிதமானது நாய்க்குரியதல்ல, முத்து பன்றிக்குரியதல்ல என்பது செய்தி. அதன்பின் இரண்டு விளைவுகள் சொல்லப்படுகின்றன. ஒன்று காலடியில் மிதிபடுதல், மற்றொன்று திரும்பிப் பாய்ந்து குதறுதல். வேகமாக வாசிக்கிறவர் இரண்டையும் பன்றியின் தலையில் ஏற்றிவிடுவார். நிதானமாகப் பார்த்தால், மிதிப்பது பன்றி, குதறுவது நாய் என்று பிரிப்பதே இயல்பாகப் பொருந்துகிறது. நாய், பன்றி என்று சென்ற வரிசை, பன்றியின் செயல், நாயின் செயல் என்று திரும்பி வருகிறது.

நன்னூல் படித்த எவருக்கும் இதில் புதிராக எதுவும் இல்லை. பவணந்தி முனிவர் சொல்லும் எட்டுப் பொருள்கோள்களில் ஒன்று நிரல்நிறை. பெயர்களை ஒரு வரிசையில் வைத்து, அவற்றுக்குரிய பயனிலைகளை அதே வரிசையில் வைத்தால் முறை நிரல்நிறை. தலைகீழ் வரிசையில் வைத்தால் எதிர் நிரல்நிறை. மேலைநாட்டார் இதையும் இதனோடு ஒட்டிய பல அமைப்புகளையும் சேர்த்து கயாஸ்மஸ் என்கிறார்கள். பெருக்கல் குறி போல இருக்கும் 'கை' என்ற கிரேக்க எழுத்திலிருந்து வந்த பெயர் அது. மேல் வரியில் இடப்பக்கம் இருப்பது கீழ் வரியில் வலப்பக்கம் போய்விடும். கோடு இழுத்து இணைத்தால் குறுக்காக வெட்டிக்கொள்ளும்.

விவிலிய ஆய்வில் கடந்த 80 ஆண்டுகளாக இந்த அமைப்பைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். ஒரு வசனத்துக்குள் ஆறு சொற்கள் எதிர்நிரலாக நிற்பதிலிருந்து ஒரு முழு நூலே எதிர்நிரலாக அமைந்திருக்கிறது என்பது வரை எல்லா அளவிலும் கண்டுபிடிப்புகள் உண்டு. இவற்றில் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பதே இன்றுள்ள கேள்வி. என் நிலைப்பாட்டை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: மூலத்தின் சொற்களே திரும்பி வரவேண்டும், இடையில் உள்ளது எதுவும் விடுபடக்கூடாது, அமைப்பைக் கண்டபின் பகுதியின் பொருள் முன்பைவிடத் தெளிவாக வேண்டும். இந்த மூன்றும் கூடிய இடத்தில் எதிர்நிரல் அமைப்பு ஆசிரியரின் கைவேலை. கூடாத இடத்தில் அது பெரும்பாலும் ஆய்வாளரின் கைவேலை.

ஐயத்துக்கு இடமில்லாத எடுத்துக்காட்டு ஆதியாகமம் 9:6. வெள்ளம் வடிந்தபின் நோவாவுக்குச் சொல்லப்படும் கொலைத்தடைச் சட்டம். எபிரேயத்தில் அதன் முதற்பாதி ஆறே சொற்கள். சிந்துதல், இரத்தம், மனிதன் என்று மூன்று. மறுபடி மனிதன், இரத்தம், சிந்துதல் என்று மூன்று. குற்றம் எந்த வழியில் சென்றதோ அதே வழியில் தண்டனை திரும்பி வருகிறது. சட்டத்தின் உள்ளடக்கமும் அதுதான் என்பதால் வடிவமும் பொருளும் ஒட்டிப் பிறந்தவை போல இருக்கின்றன. தமிழில் வினை இறுதியில் நிற்கும் மொழியமைப்பு காரணமாக இந்த ஒழுங்கை அப்படியே கொண்டுவருவது கடினம். ஆனால் ஏசாயா 6:10இல் இதயம், காது, கண் என்று சென்று கண், காது, இதயம் என்று திரும்பும் வரிசை எந்த மொழியிலும் பிழைத்துக்கொள்கிறது. பெயர்ச்சொற்களின் வரிசை எளிதில் குலையாது.

பாபேல் கோபுரக் கதையில் இது ஒலியளவுக்கே இறங்குகிறது. மனிதர்கள் செங்கல் செய்யக் கூடும்போது வரும் எபிரேயச் சொல்லில் லகரம், பகரம், நகரம் என்ற மெய்கள் தூக்கலாகக் கேட்கின்றன. கடவுள் அவர்கள் மொழியைக் குழப்பத் தீர்மானிக்கும்போது வரும் சொல்லில் அதே மெய்கள் நகரம், பகரம், லகரம் என்று திரும்பிக் கிடக்கின்றன. டச்சு அறிஞர் யான் ஃபொக்கெல்மன் 1975இல் வெளியிட்ட நூலில், ஒன்பதே வசனங்கள் கொண்ட இந்தக் கதையைச் சொல் சொல்லாகப் பிரித்துக் காட்டினார். ஒரே மொழி, ஓரிடத்தில் குடியேற்றம், 'வாருங்கள்' என்ற அழைப்பு, கட்டுமானம் என்று ஏறிச்சென்ற கதை, கடவுள் இறங்கிவந்து பார்க்கும் 5ஆம் வசனத்தில் திரும்பி, அதே படிகளில் இறங்குகிறது. மனிதர் சொன்ன அதே 'வாருங்கள்' கடவுள் வாயிலும் வருகிறது. கட்டியதெல்லாம் கட்டிய வரிசைக்கு எதிர் வரிசையில் அவிழ்கிறது.

பழங்காலத்தார் இதையெல்லாம் உண்மையில் கவனித்திருப்பார்களா என்ற கேள்வி எழும். அவர்கள் எழுத்துப் பயின்ற முறையே இதற்குப் பதில் சொல்கிறது. எரேமியா நூலில் பாபேலுக்கு மாற்றாக 'சேசாக்' என்ற விந்தையான பெயர் இரண்டு இடங்களில் வருகிறது. எபிரேய அரிச்சுவடியின் முதல் எழுத்தைக் கடைசி எழுத்தோடும், இரண்டாவதைக் கடைசிக்கு முந்தையதோடும் மாற்றிக்கொண்டே போனால் பாபேல் சேசாக் ஆகிவிடும். இதற்கு அத்பாஷ் என்று பெயர். நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த ஜெரோம் இந்த இடத்துக்கு உரை எழுதும்போது, கிரேக்கச் சிறுவர்களும் நினைவுப் பயிற்சிக்காக முதலெழுத்தையும் இறுதியெழுத்தையும் சேர்த்துச் சேர்த்து ஒப்புவிப்பதைச் சுட்டிக்காட்டுகிறார். அரிச்சுவடியையே இரு முனையிலிருந்தும் நடுவை நோக்கிச் சொல்லிப் பழகிய காதுகள் அவை. அதிகார எண்ணும் வசன எண்ணும் இல்லாத தோற்சுருளை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். இன்றைய அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் வந்தது. தொடங்கிய சொல் மறுபடி ஒலித்தால் பகுதி முடிகிறது என்று கேட்பவருக்குத் தெரிந்தது.

கிரேக்க உலகிலும் இதே பழக்கம் இருந்தது. ஹோமரின் ஒடிசி காவியத்தின் 11ஆம் பாடலில் மறுவுலகம் சென்ற ஒடிசியஸ் தன் தாயின் ஆவியிடம் அடுக்கடுக்காகக் கேட்கிறான்: எப்படி இறந்தாய், நோயாலா, ஆர்ட்டெமிஸ் தேவியின் அம்பாலா, தந்தை எப்படி இருக்கிறார், மகன் எப்படி, என் உரிமைகள் யாரிடம், மனைவி என்ன ஆனாள்? தாய் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வருகிறாள். மனைவி, உரிமை, மகன், தந்தை என்று வந்து, முடிவில்தான் தன் சாவைச் சொல்கிறாள். அம்பும் இல்லை, நோயும் இல்லை, மகனை எண்ணி ஏங்கியதே தன் உயிரைக் கொண்டுபோனது என்கிறாள். வரிசை திரும்பியதால் அந்தப் பதில் கடைசியில் வந்து விழுகிறது. ரோமானிய அறிஞர் சிசெரோ ஒரு கடிதத்தில், நண்பர் கேட்டவற்றுக்கு ஹோமரின் பாணியில் பின்னதை முன்னாக வைத்துப் பதில் சொல்வதாக எழுதுகிறார். யூதர்களின் தால்முட்டிலும், நெதாரிம் பகுதியின் தொடக்கத்திலேயே, அதன் மூலநூலான மிஷ்னா கடைசியாகச் சொன்னதை முதலில் விளக்குவது ஏன் என்ற விவாதம் இருக்கிறது. பழைய வாசகர்களின் கண்ணுக்கு இது தப்பவில்லை.

நவீன ஆய்வின் தொடக்கம் 18ஆம் நூற்றாண்டு. ஜெர்மானிய இறையியலாளர் பெங்கல் 1742இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டு உரையில் இந்த அமைப்பைப் பெயர் சொல்லிக் குறித்தார். ஆக்ஸ்ஃபோர்டில் கவிதைப் பேராசிரியராக இருந்த ராபர்ட் லௌத் 1753இல் எபிரேயக் கவிதையின் இணைவரி அமைப்பை விளக்கினார். ஆனால் வரிகள் தலைகீழாகத் திரும்புவதைத் தனி வகையாக அவர் எடுக்கவில்லை. 1820இல் ஜான் ஜெப்பும், சில ஆண்டுகளில் தாமஸ் பாய்ஸும் அந்தக் குறையை நிரப்பினார்கள். அவர்களுக்குப்பின் நெடுங்காலம் பெரிதாகப் பேச்சில்லை. 1942இல் நில்ஸ் லண்ட் புதிய ஏற்பாட்டின் எதிர்நிரல் அமைப்பு பற்றித் தனி நூல் எழுதி, ஏழு விதிகளையும் வகுத்தார். நடுப்பகுதியே திருப்புமுனை என்பது அவற்றில் முதன்மையானது. பின்னால் வந்தவர்கள் இதை இன்னும் இறுக்கி, நடுவில் இருப்பதுதான் ஆசிரியரின் மையக் கருத்து என்று சொல்லத் தொடங்கினார்கள். இன்று எத்தனையோ பிரசங்கங்கள் அந்த நம்பிக்கையில்தான் கட்டப்படுகின்றன.

அந்த நம்பிக்கை நிற்கும் ஓர் இடம் லேவியராகமம் 24:13 முதல் 23 வரை. அதற்குச் சற்றுமுன், பாளயத்தில் தாய் இஸ்ரவேலராகவும் தந்தை எகிப்தியராகவும் உள்ள ஒருவன் கடவுளின் பெயரை நிந்திக்கிறான். கடவுள் மோசேயிடம் பேசுகிறார். அவனை வெளியே கொண்டுபோய்க் கல்லெறியுங்கள் என்கிறார். அந்நியனுக்கும் சுதேசிக்கும் ஒரே தண்டனை என்கிறார். உடனே பேச்சு வேறெங்கோ போவதுபோல் தோன்றுகிறது. மனிதனைக் கொன்றால் என்ன, விலங்கைக் கொன்றால் என்ன, ஒருவனைக் காயப்படுத்தினால் என்ன என்று சென்று, முறிவுக்கு முறிவு, கண், பல் என்ற சட்டத்தை எட்டுகிறது. அங்கிருந்து வரிசை திரும்புகிறது. காயம், விலங்கு, மனிதன், அந்நியனுக்கும் சுதேசிக்கும் ஒரே சட்டம், வெளியே கொண்டுபோய்க் கல்லெறிதல், மோசேக்குக் கடவுள் கட்டளையிட்டபடி. நிந்தனைக் கதைக்குள் காயச் சட்டத்தை யாரோ கவனமின்றிச் செருகிவிட்டார்கள் என்று நினைத்தவர்கள் உண்டு. அமைப்பைப் பார்த்தபின் அப்படி நினைக்க முடியாது. செய்த அளவுக்கே செய்யப்படும் என்ற கொள்கை நடுவில் இருக்கிறது. பிறப்பு பார்த்து அளவு மாறாது என்பது அதன் இரு பக்கமும் காவல் நிற்கிறது. மூன்று சோதனைகளிலும் இந்தப் பகுதி தேறுகிறது.

ஆனால் ஆமோஸ் 5:4 முதல் 6 வரை உள்ள பகுதியைப் பாருங்கள். கடவுளைத் தேடிப் பிழையுங்கள் என்று தொடங்குகிறது. பிறகு பெத்தேலைத் தேடாதே, கில்காலுக்குப் போகாதே, பெயெர்செபாவுக்குக் கடந்து செல்லாதே என்று மூன்று வழிபாட்டிடங்கள். திரும்பும்போது கில்காலின் கதி, பெத்தேலின் கதி, மறுபடி கடவுளைத் தேடிப் பிழையுங்கள் என்ற அழைப்பு. சொற்கள் துல்லியமாகத் திரும்புகின்றன. எதிர்நிரல் அமைப்பு என்பதில் எவருக்கும் மறுப்பில்லை. நடுவில் நிற்பதோ பெயெர்செபா! யூதாவின் தென்கோடியில் இருந்த ஊர் அது. வட நாட்டு மக்களைப் பார்த்துப் பேசும் ஆமோசின் மையச் செய்தி அந்த ஊராக இருக்க வழியில்லை. கனம் முழுவதும் இரு ஓரங்களில் உள்ள அழைப்பில்தான் இருக்கிறது. ஆகவே எதிர்நிரல் அமைப்பு இருக்கிறது என்று காட்டினாலே நடுப்பகுதிதான் முக்கியம் என்று ஆகிவிடாது. லண்டின் விதியை ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியே சோதிக்க வேண்டும். இந்த ஓர் எச்சரிக்கையைக் கடைப்பிடித்திருந்தால் பாதிச் சர்ச்சைகள் எழுந்தேயிருக்காது.

பகுதி பெரிதாகப் பெரிதாகச் சிக்கலும் வளர்கிறது. இதில் புகழ்பெற்ற வழக்கு நோவாவின் வெள்ளக் கதை. இரண்டு வேறு மரபுகளை ஒன்றாகப் பின்னியது இந்தக் கதை என்பது 19ஆம் நூற்றாண்டிலிருந்து வலுப்பெற்ற கருத்து. விலங்குகளின் எண்ணிக்கை ஓரிடத்தில் சோடி சோடியாக, வேறிடத்தில் ஏழு ஏழாக. வெள்ளத்தின் காலம் ஓரிடத்தில் 40 நாள், வேறிடத்தில் 150 நாள். இப்படிப் பல முரண்கள் அதற்குச் சான்று. 1978இல் கோர்டன் வெனம் எழுதிய கட்டுரை இதை எதிர்த்தது. கதையில் நாள்கணக்கு வரும் வரிசையை அவர் எடுத்துக் காட்டினார்: 7, 7, 40, 150, பிறகு 150, 40, 7, 7. நடுவில், 8:1இல், கடவுள் நோவாவை நினைவுகூர்கிறார். அதுவரை ஏறிய தண்ணீர் அதன்பின் வடிகிறது. பேழைக்குள் நுழைதலுக்கு வெளியேறுதல், மலைகள் மூழ்குதலுக்கு மலைகள் தெரிதல் என்று மற்ற இணைகளும் அமைகின்றன. இத்தனை ஒழுங்குள்ள கதை ஒரே கையால் எழுதப்பட்டதாகத்தான் இருக்கும் என்பது வெனம் வாதத்தின் போக்கு.

1987, 1988 ஆண்டுகளில் ஜான் எமர்ட்டன் இரண்டு கட்டுரைகளில் இதை ஒவ்வொன்றாகப் பிரித்து ஆராய்ந்தார். தொடக்கத்தில் வரும் இரண்டு ஏழு நாள்களும் ஒரே ஏழு நாள்கள்தாம். முதலில் முன்னறிவிப்பு, பிறகு நிறைவேற்றம். இரண்டு 150 நாள்களும் அப்படியே. கடைசியில் புறாவை அனுப்பும்போது மட்டும் இரண்டு ஏழுகளும் வேறுவேறு. 'இன்னும்' ஏழு நாள் என்ற சொல்லைக் கவனித்தால் அதற்கு முன்னும் ஒரு காத்திருப்பு இருந்திருக்க வேண்டும். காலக்கணக்காக எடுத்தால் இரு பக்கமும் சமமில்லை.

எமர்ட்டனின் மறுப்பு வலுவானது. ஆனாலும் வெனம் கண்டது முழுக்கக் கற்பனை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. காலம் சமமில்லாவிட்டாலும், குறிப்பிடும் எண்களின் வரிசை பக்கத்தில் அப்படித்தான் இருக்கிறது. நினைவுகூர்தல் நடுவில் நிற்பதும், தண்ணீர் அங்கே திரும்புவதும் கதையின் உடம்பிலேயே உள்ளவை. இங்கே கவனிக்க வேண்டியது இதுதான்: 7, 40 ஆகியவற்றை ஒரு மரபுக்கும் 150ஐ மற்றொன்றுக்கும் கொடுப்பதே வழக்கமான பிரிப்பு. அப்படியானால் இரண்டையும் பின்னிய தொகுப்பாளரே இந்த ஒழுங்கை உருவாக்கியிருக்கலாம். எதிர்நிரல் அமைப்பு இறுதி வடிவத்தின் கலையைக் காட்டும்; கதை ஒரே மூலத்திலிருந்து வந்தது என்பதை அதனால் நிரூபிக்க முடியாது. வெனம் அதிலிருந்து அளவுக்கு மீறி எடுக்கப் பார்த்தார்.

நூலளவில் வைக்கப்பட்ட கோரிக்கைகளில் எனக்கு முழு நம்பிக்கை தருவது தானியேல் நூலின் 2 முதல் 7 வரையான அதிகாரங்கள். லெங்லே என்ற அறிஞர் 1972இல் இதை விரிவாகக் காட்டினார். 2இலும் 7இலும் நான்கு பேரரசுகளின் காட்சி. 3இல் நெருப்புச் சூளை, 6இல் சிங்கக் கெபி. இரண்டிலும் பக்தர்கள் காப்பாற்றப்படுகிறார்கள். 4இலும் 5இலும் கர்வம் கொண்ட அரசர்கள் தாழ்த்தப்படுகிறார்கள். கருத்தொற்றுமை மட்டும் என்றால் தயங்கியிருப்பேன். ஆனால் இந்த ஆறு அதிகாரங்களும், தொடக்கத்தில் மூன்றேகால் வசனம் போக, அரமேய மொழியில் இருக்கின்றன. முன்னும் பின்னும் எபிரேயம். கும்ரான் குகைகளில் கிடைத்த தானியேல் சுவடித் துண்டுகளிலும் மொழி மாறும் இடங்கள் இவையே. ஆய்வாளர் போட்ட எல்லை வேறு, நூலே போட்டுக்கொண்ட எல்லை வேறு. இங்கே இருப்பது இரண்டாவது.

எல்லையை ஆய்வாளரே போட்டுக்கொள்ளும்போது என்ன ஆகும் என்பதற்கு மோர்மன் நூல் பற்றிய விவாதம் போதும். 1830இல் ஜோசப் ஸ்மித் அமெரிக்காவில் வெளியிட்ட நூல் அது. பிற்காலப் புனிதர் திருச்சபையார் அதைப் பழங்கால மறைநூலின் மொழிபெயர்ப்பாக ஏற்கிறார்கள். ஜெர்மனியில் மறைப்பணியில் இருந்த ஜான் வெல்ச் என்ற இளைஞர் 1967இல் அதில் எதிர்நிரல் அமைப்புகளைக் கண்டார். அதன் ஒரு பகுதியான ஆல்மா நூலின் 36ஆம் அதிகாரம் முழுவதுமே அப்படி என்பது அவருடைய முதன்மைச் சான்று. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கர் ஒருவருக்கு எபிரேய வடிவம் எப்படித் தெரியும் என்று நூலின் தொன்மைக்கு அதை ஆதாரமாக்கினார்கள். மறுப்பவர்கள் சொல்வது: இணையாகச் சேர்ந்த சொற்களை மட்டும் பொறுக்கி, சேராத நீண்ட பகுதிகளை விட்டுவிட்டால் எந்த நூலிலும் இது கிடைக்கும், தவிர, விவிலிய நடையில் ஊறியவர் எழுத்தில் விவிலிய வடிவங்கள் தாமே ஒட்டிக்கொள்ளும். வெல்ச்சின் நேர்மையைக் குறிப்பிட வேண்டும். பின்னாளில் அவரே 15 அளவுகோல்களை வகுத்து, வலுவற்ற கோரிக்கைகளைக் களைய முயன்றார். பழங்கால இலக்கியங்களின் எதிர்நிரல் அமைப்பு பற்றி அவர் 1981இல் தொகுத்த கட்டுரைத் திரட்டு எல்லாத் தரப்பாரும் எடுத்தாளும் நூலாயிற்று.

குர்ஆன் ஆய்விலும் இதே ஊசலாட்டம். யூசுஃப் அத்தியாயத்தைப் பற்றி 1986இல் முஸ்தன்சிர் மீர் எழுதியது எனக்குப் பிடித்த கட்டுரைகளில் ஒன்று. யூசுஃபின் கனவு, சகோதரர்களின் சதி, எஜமானியின் ஆசை, நகரத்துப் பெண்கள், சிறை, அரசனின் கனவு என்று முடிச்சுகள் விழுகின்றன. அரசனின் கனவில் தொடங்கி எதிர்வரிசையில் அவிழ்கின்றன. முதற்கனவு கடைசியில் பலிக்கிறது. அரபு அணியிலக்கணத்தில் இதற்கு ஏற்கெனவே இடமுண்டு என்பதையும் மீர் சொல்கிறார். இதைவிடப் பெரிய கோரிக்கை அல்பகரா பற்றியது. 286 வசனங்கள் கொண்ட அந்த அத்தியாயத்தில் சரிபாதியான 143ஆம் வசனம் நடுநிலைச் சமூகத்தைப் பற்றிப் பேசுகிறது. ரேமண்ட் ஃபாரின் 2014இல் முழுக் குர்ஆனையுமே வளைய அமைப்பாக, அதாவது தொடங்கிய இடத்துக்கே எதிர்வரிசையில் திரும்பும் அமைப்பாக, விளக்கினார். நிக்கொலாய் சினாய் 2017இல் இத்தகைய முயற்சிகளைக் கடுமையாக விமர்சித்தார்: பகுதிகளுக்கு ஆய்வாளர் சூட்டும் தலைப்புகள்தாம் ஒத்துப்போகின்றன, சொற்கள் அல்ல. இந்தத் தராசில் யூசுஃப் தேறுகிறது. முழு நூல் பற்றிய கோரிக்கை தேறவில்லை. ரிக்வேதப் பாடல்களில் நடுச் செய்யுளைப் புதிராக வைத்துச் சுற்றிலும் வளையம் கட்டும் முறையை ஸ்டெஃபனி ஜாமிசனும் ஜோயல் பிரரட்டனும் விளக்கியிருக்கிறார்கள். சரதுஷ்டிரரின் காதைகளில் மார்ட்டின் ஷ்வார்ட்ஸ் அதையே கண்டார். இவை தனிக் கட்டுரைக்கு உரியவை.

தமிழ்த் திருமறைகளில் நிலைமை வேறு. எபிரேயருக்கு இந்த அமைப்பைக் குறிக்க ஒரு பெயரோ இலக்கணமோ எழுதிவைத்ததாக நமக்குக் கிடைக்கவில்லை; ஆகவே ஒவ்வொன்றையும் வாதாடி நிறுவ வேண்டியிருக்கிறது. நம்மிடம் வடிவத்துக்குப் பெயரும் விதியும் இருக்கின்றன. பாடலே அந்தப் பெயரைத் தாங்கி வருகிறது. மூன்றாம் திருமுறையில் சம்பந்தர் பாடிய திருமாலைமாற்றில் எழுத்துகள் கடைசியிலிருந்து வாசித்தாலும் அப்படியே வரும். திருவெழுகூற்றிருக்கை எண்களால் ஆனது. 1, 2, 1 என்று தொடங்கும். பிறகு 1, 2, 3, 2, 1. இப்படி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படி கூட ஏறி, 7 வரை போய் இறங்கும். சீகாழியில் சம்பந்தரும் குடந்தையில் திருமங்கையாழ்வாரும் பாடியிருக்கிறார்கள். எண்ணிப் பார்க்கலாம், சர்ச்சைக்கு இடமில்லை.

ஐயமற்ற இந்த அமைப்பு, நடுவே மையம் என்ற விதிக்கு என்ன சொல்கிறது? திருமங்கையாழ்வாரின் பாடலில் கடைசிச் சுற்றின் உச்சியான ஏழாம் இடத்தில் வருவது நப்பின்னைக்காக ஏழு எருதுகளை அடக்கிய செய்தி. அழகான செய்திதான். ஆனால் பாடல் அதற்காகப் பாடப்பட்டதல்ல. எண்கள் ஆறு, ஐந்து, நான்கு என்று இறங்கி ஒன்றில் முடிகின்றன. அதன்பின் எண்ணே இல்லாத அடிகள் வருகின்றன. குடந்தையின் சோலைகளும் மாளிகைகளும், பாம்பணையில் துயில்பவனும், அவன் அடியிணையைப் பணிந்து, வரும் இடர் நீங்க வினையை மாற்றும்படி கேட்கும் வேண்டுதலும் அங்கேதான் இருக்கின்றன. ஏறி இறங்கும் அமைப்பு முழுவதும் முடிந்தபின், அதற்கு வெளியே, ஆழ்வார் தம் விண்ணப்பத்தை வைக்கிறார்.